செருப்பு வாங்கும் முன் பாதத்தைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் ‘உடல்நல நேரம்’ நிகழ்ச்சியில், சமூகக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட்.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதுவும் மழை தூறும் நேரத்தில் இத்தனை பேர் வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

நம் செயலாளர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, “மேடம், குரூப்ல ரெண்டு வாரமா ஆர்த்தோ செருப்பு பேச்சுதான் ஓடுது. நீங்க ஒரு அரை மணி நேரம் பேசிடுங்களேன்” என்றார். நானும் அந்தப் பேச்சைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏ பிளாக்கில் ஒரு மாமி, “முட்டி வலிக்கு எந்த ஆர்த்தோ செருப்பு நல்லது?” என்று கேட்டார். கீழே நாற்பதுக்கு மேல் பதில்கள். அவரவர் வாங்கியதைப் படம் எடுத்துப் போட்டார்கள், ஆன்லைன் லிங்க் போட்டார்கள், தள்ளுபடி எப்போது வரும் என்றுகூட ஒருவர் சொன்னார். “உங்க காலுக்கு என்ன பிரச்சினை?” என்று மட்டும் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கண்ணாடி வாங்க யாராவது குரூப்பில் பவர் கேட்பார்களா? செருப்புக்கு மட்டும் கேட்கிறோம்.

நீங்கள் எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு நான் ஐந்து நிமிடம் வாசலில் நின்றேன். பார்த்திருப்பீர்கள். உங்கள் செருப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிக்கணும், முப்பது வருடப் பழக்கம். பாதிக்கு மேல் காலை நுழைத்துக்கொண்டு போகிற ரகம், பின்னால் வார் இல்லாதது. ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது. நான்கைந்து ஜோடிகளில் ‘ஆர்த்தோ’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அவற்றில் இரண்டில் உள்ளே இருந்த நுரை குதிகால் பக்கம் அப்பளம்போல் அமுங்கிவிட்டது. அது இப்போது ஆர்த்தோவும் இல்லை, ஒன்றும் இல்லை.

பெட்டியில் ‘ஆர்த்தோ’ என்று அச்சடித்திருப்பதால் அந்தச் செருப்பு உங்கள் காலுக்கு ஏற்றது ஆகிவிடாது. கடையில் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: கை வைத்தால் மெத்தென்று இருக்கும். மெத்தென்று இருப்பது சில கால்களுக்கு நல்லது, சில கால்களுக்குப் போதாது, சில கால்களுக்கு ஆபத்து. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

2016-ல் என் அம்மாவுக்கு வயது 71. பதினெட்டு வருடமாகச் சுகர். “பாதத்துல ஏதோ பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குடி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது உணர்ச்சி குறைவதன் அடையாளம் என்று எனக்குத் தெரியும். தினமும் ஆஸ்பத்திரியில் நான் மற்றவர்களுக்குச் சொல்வதுதானே. கறுப்பு ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். அம்மா அதைக் கையால்கூடத் தொடவில்லை. “இது அந்த வியாதிக்காரங்க போடறது. இதைப் போட்டுண்டு நான் கோயிலுக்குப் போகணுமா?” என்றார். இரண்டு நாள் வாதாடிப் பார்த்தேன். மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்துவிட்டேன். ஒரு பெரிய கடைக்குப் போய், பார்க்க அழகாக, மெரூன் நிறத்தில், உள்ளே நல்ல நுரை வைத்த ஆர்த்தோ செருப்பு வாங்கிக் கொடுத்தேன். 2,400 ரூபாய். கட்டைவிரலை நுழைக்க ஒரு வளையம் இருந்தது. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தினமும் நடக்கப் போனார்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, எங்கள் வீட்டில் வேலை பார்க்கிற அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். “அக்கா, அம்மா நடந்த எடமெல்லாம் புள்ளி புள்ளியா செவப்பா இருக்கே, என்னன்னு பாருங்க.” வெள்ளை டைல்ஸில் ஹாலிலிருந்து பூஜை அறை வரைக்கும் புள்ளிகள். அம்மா சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். “எனக்கு ஒண்ணும் வலிக்கலையே” என்றார். அந்த வளையத்தின் உள்பக்கத் தையல் கட்டைவிரலின் பக்கவாட்டில் உரசி உரசித் தோலைக் கிழித்திருந்தது. நமக்கு என்றால் முதல் நாளே “ஐயோ, கடிக்குது” என்று கழற்றி எறிந்திருப்போம். அம்மாவுக்கு அந்த ‘ஐயோ’ வரவில்லை.

ஆறு வாரம் போராடினோம். கிருமி எலும்பு வரைக்கும் போய்விட்டது. கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டைவிரல் போனால் ஒரு விரல்தானே என்று நினைக்கக் கூடாது. நடக்கும்போது கடைசியாகத் தரையை உந்துவது அந்த விரல்தான். அதற்குப் பிறகு அம்மா கைத்தடி இல்லாமல் நடந்ததில்லை. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. தெரிந்தவளே தப்பான செருப்பு வாங்கினேன் என்பதற்காகச் சொல்கிறேன். கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. அந்தச் செருப்பு இன்னொருவர் காலுக்கு நன்றாகவே இருந்திருக்கும்.

அதனால் முதல் வேலை, உங்கள் பாதத்துக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது. சுகர் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்யலாம், கருவி எதுவும் வேண்டாம். அவர் காலுறை கழற்றிக் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். நீங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இலேசாகத் தொடுங்கள். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். ஒவ்வொரு இடத்திலும் ஓரிரு நொடி தொட்டால் போதும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தெரியவில்லை என்றால் மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. தொடுவது தெரிந்தால் வலதா இடதா என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். அங்கே 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையை வைத்துச் சரியாகப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. சுகர் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது பாதத்தைக் காட்டிவிட வேண்டும். ரத்தம் எடுக்க ஓடுகிறோம், காலைக் காட்ட வெட்கப்படுகிறோம்.

உணர்ச்சி குறைந்த காலுக்குச் செருப்பு எடுக்கும்போது ‘போட்டுப் பார்த்தேன், சுகமாக இருந்தது’ என்பது செல்லாது. அந்தக் காலுக்குச் சுகமும் தெரியாது, கடியும் தெரியாது. அதனால் கண்ணாலும் கையாலும்தான் எடுக்க வேண்டும். கட்டைவிரல் வளையம் வேண்டாம், விரல் இடுக்கில் வரும் வாரும் வேண்டாம். ஹவாய் செருப்பைத்தான் சொல்கிறேன். முன்னால் அகலமாக, பின்னால் குதிகாலைச் சுற்றி வார் உள்ளதாக, வெல்க்ரோ வைத்து இறுக்கவும் தளர்த்தவும் முடிவதாக இருக்க வேண்டும். ஆணி அடித்த செருப்பு கூடவே கூடாது. தேயத் தேய ஆணி மேலே வரும், காலுக்குத் தெரியாது. ஊக்கும் அப்படித்தான். வாசலில் ஊக்கு குத்திய செருப்பு யாருடையது என்று நான் கேட்கப் போவதில்லை. போகும்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போங்கள்.

அந்த எம்.சி.ஆர். பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்ப் பக்கத்துக் கதை. எம்.சி.ஆர். என்றால் மைக்ரோசெல்லுலார் ரப்பர். உள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காற்றறைகள் உள்ள ரப்பர். தொழுநோய் வந்தவர்களுக்கு விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். அப்படி இல்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்கள்தான் பெரும்பாலும் காரணம் என்று வேலூரில் எடுத்துக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். முதலில் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பிறகு அவர் கவனம் கால்களுக்கும் செருப்புக்கும் போயிற்று. பாதத்தின் ஒரே புள்ளியில் விழும் அழுத்தத்தைப் பரவலாக்கினால் புண் வராது என்பதுதான் அடிப்படை. அன்று தொழுநோயாளிகளுக்குச் செய்தது இன்று சுகர் காலுக்கு அப்படியே பொருந்துகிறது. என் அம்மா “அந்த வியாதிக்காரங்க செருப்பு” என்று சொன்னது ஒரு விதத்தில் சரிதான். அந்தக் கறுப்புச் செருப்பைப் பார்த்தால் ஊரில் அடையாளம் தெரிந்துவிடும் என்று பயந்து, அதைப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலுடன் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது எம்.சி.ஆர். பல நிறத்தில், பல மாதிரியில் கிடைக்கிறது. மேல் வார் எந்த நிறத்திலும் வைத்துக் கொடுப்பார்கள். விரல் போன பிறகு என் அம்மா போட்டது அப்படிச் செய்வித்ததுதான், மெரூன் வார். முதலிலேயே அதைச் செய்து கொடுத்திருக்கலாம். வாங்கும்போது உள்பக்க ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள். நன்றாக அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். அமுங்கியது அப்படியே குழியாக நின்றால் மட்டமான சரக்கு. அடியில் தரையைத் தொடும் பகுதி கெட்டியாக இருக்க வேண்டும், முள்ளோ கண்ணாடித் துண்டோ ஏறாத அளவுக்கு. ஏற்கெனவே ஒரு முறை புண் வந்து ஆறியவர்கள், விரல் எடுத்தவர்கள், பாதத்தின் வடிவமே மாறியவர்கள் கடைச் செருப்பை நம்பக் கூடாது. அவர்களுக்குக் காலுக்கு அச்சு எடுத்துத்தான் செய்ய வேண்டும். சுகர் பாதத்துக்கென்று பிரிவு உள்ள ஆஸ்பத்திரிகளில் எங்கே செய்வது என்று சொல்வார்கள். சென்னையில் கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

இதுவரை பேசியது சுகர் காலைப் பற்றி. உங்களில் பலருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, வலிதான் பிரச்சினை. வலி தெரிகிற கால் ஒரு விதத்தில் கொடுத்து வைத்த கால், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறக்கியது மாதிரி வலி, பத்து அடி நடந்தால் குறைந்துவிடும், கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் வரும். இது எத்தனை பேருக்கு? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, அதிகம் பெண்கள்தான். சமையலறையில் வெறுங்காலில் டைல்ஸ் மேல் மூன்று மணி நேரம் நிற்கிறவர்கள். குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்துக்கு அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. அது குதிகால் எலும்பில் சேரும் இடத்தில் நொந்துபோவதுதான் இந்த வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, “எலும்பு வளர்ந்திருக்காம்” என்று பயப்படாதீர்கள். அப்படி எலும்பு வளர்ந்திருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம்.

இந்த வலிக்கு எல்லோரும் வாங்குவது உள்ளே கால் புதைகிற மாதிரி மெத்தென்ற செருப்பு. அதில்தான் தவறு. மெத்தையில் கால் புதையும்போது நடுப்பாதம் தாழ்ந்து அந்த நார்ப்பட்டை இன்னும் இழுபடும். இவர்களுக்கு வேண்டியது வேறு. குதிகால் பக்கம் முன்பாதத்தைவிடக் கொஞ்சம் உயரம், உள்வளைவைத் தாங்குகிற மேடு, குதிகால் உட்கார ஒரு சின்னக் குழி. அத்துடன் கெண்டைக்கால் தசையை இழுத்து விடும் பயிற்சி. செருப்பு மட்டும் போட்டுவிட்டுப் பயிற்சியை விட்டால் பாதிப் பலன்தான். பொறுமையும் வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது சரியாகிவிடும், ஆனால் சில மாதங்கள் பிடிக்கும். இரண்டு வாரத்தில் போகவில்லை என்று செருப்பை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

கேள்வியைக் கிளப்பிய மாமிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முட்டித் தேய்மானத்துக்கு நடக்கும்போது ஆடாத, குதிகாலைப் பிடித்து நிறுத்துகிற ஷூ நல்லது. தடியான பஞ்சு வேண்டாம். அறுபது தாண்டியவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். நாம் நேராக நிற்கிறோமா சாய்கிறோமா என்பதைப் பாதம் தரையைத் தொட்டுத்தான் மூளைக்குச் சொல்கிறது. நடுவில் இரண்டு அங்குலத்துக்கு நுரையை வைத்தால் அந்தச் செய்தி மங்கிவிடும். தடுமாறுவோம்.

கட்டைவிரல் மூட்டு வெளியே புடைத்துக்கொண்டு, விரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்தவர்களுக்கு உள்ளே எந்த நுரையும் உதவாது. முன்பக்க அகலம்தான் உதவும். அந்தப் புடைப்பின் மேல் தையலோ வாரோ வரக் கூடாது. காலில் ஆணி இருப்பவர்கள், அது ஏன் அந்த இடத்தில் வந்தது என்று யோசியுங்கள். செருப்பு அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். சுகர் உள்ளவர்கள் ஆணியை பிளேடால் சீவுவதும், மருந்துக்கடையில் விற்கிற ஆணி பிளாஸ்டரை ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது.

குழந்தைகளுக்குத் தட்டைப் பாதம் என்று கவலைப்படும் அம்மா அப்பாக்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். அப்போது உள்வளைவு தெரிந்தால், குழந்தைக்கு வலியும் இல்லை என்றால், ஆயிரக்கணக்கில் கொடுத்து ஷூவும் இன்சோலும் வாங்க வேண்டாம். ஓடி விளையாட விடுங்கள். ஸ்கூல் ஷூ சின்னதாகிவிட்டதா என்று மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள், அது போதும். வளைவு தெரியவில்லை அல்லது வலிக்கிறது என்றால் மட்டும் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி அளவு. முப்பது வருடத்தில் நான் பார்த்த கால் கோளாறுகளில் கணிசமானவை அளவு தப்பான செருப்பால் வந்தவை. “நான் எப்பவுமே எட்டாம் நம்பர்” என்பார்கள். கல்யாணத்தின்போது எட்டு. வயது ஆக ஆகப் பாதம் அகலும், கொஞ்சம் நீளும். ஒரு கம்பெனியின் எட்டு இன்னொரு கம்பெனியின் எட்டாகவும் இருக்காது. அதனால் நம்பரை மறந்துவிடுங்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளில் நின்றுகொண்டு, நின்றுகொண்டு என்பது முக்கியம், வேறொருவரைவிட்டுப் பென்சிலை நெட்டுக்குத்தாகப் பிடித்து வரையச் சொல்லுங்கள். இரண்டு காலையும் வரையுங்கள், பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். அந்தத் தாளை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போய்ச் செருப்பின் மேல் வையுங்கள். தாள் ஓரம் மடங்கினால் அந்தச் செருப்பு உங்களுடையது இல்லை. ஷூ என்றால் உள்ளே இருக்கும் இன்சோலை உருவி எடுத்து அதன் மேல் நின்று பாருங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் கை கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சிலருக்கு நீளமான விரல் கட்டைவிரல் இல்லை, அதற்கு அடுத்தது.

பிறகு அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து, துணி பிழிவது மாதிரி முறுக்குங்கள். லேசில் முறுக்கிக்கொண்டால் அது உங்களைத் தாங்காது. முன்னும் பின்னும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடியும் இடத்தில் மடிய வேண்டும், நடுவில் மடிந்தால் வேண்டாம். ஷூவின் குதிகால் பின்பக்கத்தை விரலால் அமுக்குங்கள், தகரம் மாதிரி இல்லாவிட்டாலும் உள்ளே சுருண்டு போகக் கூடாது. கடைசியாக உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். மேடு, தையல் முடிச்சு, ஒட்டுப் பசை எதுவும் தட்டுப்படக் கூடாது. என் அம்மாவின் செருப்பில் அந்த வளையத்துக்குள் நான் ஒரே ஒரு தடவை விரலை விட்டுப் பார்த்திருந்தால் தையல் தட்டுப்பட்டிருக்கும்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கிற வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். புதிதாக எதைப் போட்டாலும் முதல் நாள் ஒரு மணி நேரம், அதுவும் வீட்டுக்குள். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையவில்லை என்றால் அந்தச் செருப்பு ஒத்துக்கொள்ளவில்லை. காசு போட்டுவிட்டோமே என்று பழக்கப்படுத்த முயல வேண்டாம். செருப்புதான் காலுக்குப் பழக வேண்டும் என்று எங்கள் வொர்க்‌ஷாப்பில் ஒரு பெரியவர் சொல்வார்.

வீட்டுக்குள் என்ன செய்வது? நாம் ஒரு நாளில் அதிகம் நடப்பது வெளியே இல்லை, வீட்டுக்குள். மண் தரையிலும் சிவப்பு சிமென்ட் தரையிலும் வளர்ந்த கால்கள் இப்போது விட்ரிஃபைட் டைல்ஸில். வீட்டுக்குள் செருப்பு போடுவது பலருக்கு மனசுக்கு ஒவ்வாது, தெரியும். என் அம்மாவுக்கும் ஒவ்வவில்லை. வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி, வாசலைத் தாண்டாத ஜோடி வைத்துக்கொள்ளச் சொன்னேன். பூஜை அறை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு ரப்பர் பாய். அதற்கு ஒத்துக்கொண்டார். உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் குதிகால் வலிக்காரர்களுக்கும் இது அவசியம். பாத்ரூமில் வைத்திருக்கும் தேய்ந்த ஹவாய் செருப்பு எத்தனை இடுப்பை உடைத்திருக்கிறது என்று எந்த எலும்பு டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பகல் பன்னிரண்டு மணிக்குப் பிராகாரக் கல்லில் போகாதீர்கள். உணர்ச்சி இல்லாத கால் சூடு தெரியாமல் நின்றுகொண்டே இருக்கும், வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதம் முழுக்கக் கொப்புளம். காலையில் சீக்கிரம் போங்கள், தடித்த காட்டன் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். அதைப் பெரும்பாலும் யாரும் ஆட்சேபிப்பதில்லை.

இனி நம் சங்கத்திடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். செயலாளரும் பொருளாளரும் முன் வரிசையிலேயே இருக்கிறார்கள், வசதி.

ஒன்று, காரிடாரில் ஷூ ரேக் வைக்கக் கூடாது என்று போன வருடம் சுற்றறிக்கை வந்தது. தீ விபத்து என்றால் வழி மறிக்கும், நியாயம்தான். ஆனால் அதோடு பலர் ரேக் மேல் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வசதியும் போயிற்று. நான் இத்தனை நேரம் பின்வார் உள்ளது வாங்குங்கள், வெல்க்ரோ உள்ளது வாங்குங்கள் என்கிறேன். எழுபது வயதுக்காரர் ஒற்றைக்காலில் நின்று அதை எப்படி மாட்டுவார்? மாட்ட முடியாததால்தான் எல்லோரும் நுழைத்துக்கொண்டு போகிற செருப்புக்குப் போகிறார்கள். வாசலில் கிடப்பதைப் பார்த்தால் தெரிகிறது. ஒவ்வொரு பிளாக்கிலும் தரைத்தள லிஃப்ட் பக்கத்தில், வழி மறிக்காத இடமாகப் பார்த்து, கைப்பிடி உள்ள ஒரு சின்ன பெஞ்ச் போட்டுக் கொடுங்கள். வீட்டு வாசலுக்குள்ளேயே ஒரு ஸ்டூலும் நீளக் கைப்பிடி வைத்த ஷூ ஹார்னும் வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இரண்டாவது, நம் செக்யூரிட்டி. போன மாதம் இரவு ஷிப்டில் ஒருவர் கேட் பக்கத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். “என்னண்ணே, கால்ல என்ன?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல மேடம், ஷூ பெருசு. முன்னால துணி வெச்சிருக்கேன், அது உருளுது” என்றார். ஏழாம் நம்பர் காலுக்கு ஒன்பதாம் நம்பர் ஷூ. யூனிஃபார்மோடு வந்தது, எந்த அளவு கையிருப்பில் இருந்ததோ அதைக் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற வேலை. அவருக்குச் சுகர் உண்டா என்று கேட்டேன். “பாத்ததில்ல மேடம்” என்றார். அடுத்த நாள் என் வீட்டு குளுக்கோமீட்டரில் பார்த்தோம். முடிவை நான் சொல்லக் கூடாது, ஆனால் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஆளாளுக்கு அளவு எடுத்து ஷூ தர வேண்டும், உள்ளே ஒரு நல்ல இன்சோல் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாள் முழுக்க ஈரத் தரையில் வெறுங்காலில் நிற்கிற துப்புரவு அக்காக்களுக்கும் வழுக்காத ரப்பர் செருப்பு வேண்டும். எத்தனை ஜோடி, எந்த அளவு என்று நானே எடுத்துத் தருகிறேன்.

வருகிற நான்கு சனிக்கிழமைகளும் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை இதே கூடத்தில் இருப்பேன். காலைக் காட்ட வருகிறவர்கள் வெட்கப்பட வேண்டாம், நகம் வெட்டவில்லையே என்றும் யோசிக்க வேண்டாம். புதிதாக வாங்கிய செருப்பைக் கொண்டுவர வேண்டாம். ரொம்ப நாளாகப் போட்டுத் தேய்ந்த பழைய ஜோடியைக் கொண்டு வாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்வது சாதாரணம். உள் ஓரம் தேய்ந்திருந்தால், அல்லது ஒரு கால் மட்டும் தேய்ந்திருந்தால், அதைப் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்து வாருங்கள். கூடவே, நீங்கள் நிற்கும்போது குனிந்து வரைந்து தர வீட்டிலிருந்து ஒருவரையும்.